பொறுமை அண்ணனின் கைப்பேசி

லிஃப்ட்காரருக்குப் புத்தி பிசகிவிட்டது என்ற செய்தி என் காதுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று வாய் கடந்திருந்தது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் காவலாளி அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் சொன்னாராம். அந்த அம்மா தன் அக்காவிடம் சொன்னாராம். அந்த அக்காதான் எங்கள் அலுவலகத்தைப் பெருக்குகிறவர். என் மேசைக்கு அடியில் துடைப்பத்தை விட்டபடியே சொன்னார்.

“உங்க கம்பெனி ஆளு ஒருத்தரு லிஃப்ட்டுக் கூரை மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு ஒரு மணி நேரம் இறங்கவே இல்லையாம். கூப்பிட்டா பதிலே இல்லையாம். அழுதாருன்னும் சொல்றாங்க, சிரிச்சாருன்னும் சொல்றாங்க. காலைத் தூக்குங்க.”

காலைத் தூக்கினேன். “யாருக்கா அது?”

“மீசை நரைச்சவரு. தன்மையா பேசுவாரே.”

எங்களிடம் நரைத்த மீசை மூன்று பேருக்கு உண்டு. தன்மையாகப் பேசுகிறவர் ஒருவர்தான். பொறுமை அண்ணன்.

லிஃப்ட் பழுது பார்க்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. இரண்டு வேன், ஆறு மெக்கானிக், ஒரு மேற்பார்வையாளர், பிறகு நான். தொலைபேசியை எடுப்பது என் வேலை. சாயங்காலமானால் மெக்கானிக்குகள் சொல்லச் சொல்ல அறிக்கை எழுதுவேன். அவர்கள் சொல்வது நம் மொழியில், அறிக்கை போவது இந்த ஊர் மொழியில். இரண்டிலும் பள்ளிக்கூடம் போனவன் என்பதால்தான் எனக்கு இந்த நாற்காலி. அதற்காகவே “ரெட்டை நாக்கு” என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். வைத்தவர் ஒல்லி. ஒல்லியின் எடை தொண்ணூற்றாறு கிலோ. அவருக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியவில்லை, நல்ல மனசுக்காரராக இருந்திருக்க வேண்டும்.

பொறுமை அண்ணனுக்குப் பெயர் வந்தது லிஃப்டில் சிக்கிக்கொள்கிறவர்களால். யாராவது மாட்டிக்கொண்டால், வேனில் போகும்போதே அவர்களோடு தொலைபேசியில் பேசத் தொடங்கிவிடுவார். இந்த ஊர் மொழியை அவர் உடைத்து உடைத்துத்தான் பேசுவார். “உள்ள காத்து தீராதும்மா. பெட்டியில ஓட்டை இருக்கு, அதை வெச்சதே நான்தான். கீழ உட்காருங்க. முதுகைச் சாய்ங்க. ஆங். இப்ப சொல்லுங்க, பையில என்ன வாங்கிட்டு வந்தீங்க?” வெங்காயம், பால், பல்துலக்கி என்று அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் இவர் கதவுக்கு வெளியே நிற்பார். ஒரு முறை கதவு திறந்த பிறகும் ஒரு கிழவர் எழுந்திருக்கவில்லையாம். “இரு, மருந்துச் சீட்டை இன்னும் படிக்கல” என்றாராம்.

அன்று சாயங்காலம் அறிக்கைக்கு வந்தவரிடம் கேட்டேன். “அண்ணே, லிஃப்ட்டுக் கூரையில தியானமா?”

கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார். “அதுக்குள்ள வந்துடுச்சா? அழல, சிரிக்கல. சும்மா உட்கார்ந்திருந்தேன்.”

“ஒரு மணி நேரமா?”

“நாப்பது நிமிஷம். அங்க சிக்னல் கிடையாது தம்பி. நாலு பக்கமும் கான்கிரீட். போன் கையிலயே இருந்தாலும் செத்த பாம்பு மாதிரி கிடக்கும். வெளிய வந்தா அதுக்கு உயிர் வந்துடுது.”

“பாக்காம இருந்தா போச்சு.”

“நீ நகத்தைக் கடிக்கிறதை நிறுத்து, நான் இதை நிறுத்துறேன்.”

விரலை வாயிலிருந்து எடுத்தேன். இருவரும் சிரித்தோம். நான் மேற்பார்வையாளரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு தங்கை. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டபோது இவருக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு ஏழு. “அவளுக்குத் தலை பின்னி விட்டதுதான் நான் கத்துக்கிட்ட முதல் கயிறு வேலை” என்பார். இந்த ஊருக்கு வந்து முதலில் மாடிப்படி கழுவினார், பிறகு லிஃப்ட் கயிற்றுக்கு எண்ணெய் போட்டார், பிறகு மெக்கானிக் ஆனார். இடையில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். தங்கை கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். ஐந்து வருடத்துக்கு முன் வேறொரு நாட்டுக்குப் போய், படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். நாற்பத்தொரு வயதாகியும் அண்ணனைக் கேட்காமல் அவள் ஒன்றும் செய்ய மாட்டாள். செருப்பு வாங்கப் போனால் இரண்டு ஜோடியைப் படம் பிடித்து அனுப்பி “எது?” என்பாள். இவர் லிஃப்ட் குழிக்குள்ளிருந்து ஏறி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “பழுப்பு” என்று பதில் போடுவார்.

அந்த நாட்டில், வரும் வரும் என்று இரண்டு வருடமாகப் பயமுறுத்திக்கொண்டிருந்த சண்டை அண்ணன் கூரையில் போய் உட்கார்வதற்குச் சில நாள் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தேவிட்டது.

அவள் பேசும்போதெல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் சொன்னாள். பெரியவர் சாப்பிடுகிறார், தண்ணீர் வருகிறது, மின்சாரம் பாதி நாள் இருக்கிறது. அவள் பேசாத நேரத்தில்தான் இவருக்குப் பிரச்சினை. கைப்பேசியில் ஏழு செய்திச் செயலிகளை இறக்கிவைத்தார். அதில் ஒன்றில் வரைபடம் உண்டு. குண்டு விழுந்த இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி முளைக்கும். புள்ளியிலிருந்து அவள் தெருவுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அளப்பார். “ஒம்பது.” மறுநாள், “ஆறரை.” தேநீர் ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கும். அவித்த முட்டையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார், பிறகு அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிடுவார்.

இந்த ஊர்ச் செய்தித்தாளை என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார். “என்ன போட்டிருக்கான், படி.”

நான் படித்துச் சொல்வேன். கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வேன். நாற்பத்தெட்டு பேர் என்று இருந்தால் “சில பேரு” என்பேன். மூன்றாம் நாளே பிடித்துவிட்டார்.

“தம்பி, எழுத்துதான் எனக்குத் தெரியாது. எண்ணு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.”

அவருடைய மனைவி, எங்கள் எல்லாருக்கும் அண்ணி, ஒரு நாள் அலுவலகத்துக்கே தொலைபேசி செய்தார். “தூங்குறாரா இல்லையான்னே தெரியல தம்பி. கண்ணு மூடியிருக்கு, கட்டை விரல் மட்டும் போர்வை மேல மேலயும் கீழயும் தேய்க்குது. போனைத் தேய்க்கிற மாதிரியே. பாக்க பயமா இருக்கு. பிள்ளைங்க கேட்டா ‘அப்பாவுக்கு விரல் அரிக்குது’ன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“சரியாயிடும் அண்ணி” என்றேன். எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன்.

அதற்கு அடுத்த வாரம் அந்த விஷயம் நடந்தது.

லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் உச்சியில் மோட்டார் அறையில், இன்னொருவர் அடியில் குழிக்குள். நடுவில் சிக்னல் கிடையாது, வாக்கி டாக்கிக்கு எப்போதும் சார்ஜ் கிடையாது. அதனால் லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தில் ஸ்பேனரால் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் ஓட்டு. மூன்று என்றால், குழியை விட்டு வெளியே வந்துவிட்டேன், மின்சாரத்தைப் போடலாம். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. பொறுமை அண்ணனும் ஒல்லியும் பதினான்கு வருடமாக இப்படித்தான். குழியில் இறங்குகிறவர் அங்கிருக்கும், லிஃப்டை நகரவிடாமல் பிடிக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒல்லி அமுக்குவதில்லை. “மேல அண்ணன் இருக்கிறப்ப எனக்கு எதுக்குப் பொத்தான்?” என்பார்.

அன்று ஒல்லி குழியில், அண்ணன் மோட்டார் அறையில். மோட்டார் அறையில் சிக்னல் பிரமாதமாக வரும். அண்ணன் மின்பலகையின் ரிலேக்களைத் துடைத்து முடித்துவிட்டு, ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஒரு வீடியோவைப் பார்த்தார். அந்த நகரத்தில் யாரோ சன்னலிலிருந்து எடுத்தது. இருட்டாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். தூரத்தில் கனமாக மூன்று சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று.

அண்ணன் கை தானாக எழுந்து மெயின் சுவிட்சைப் போட்டது.

லிஃப்ட் பெட்டி ஒரு கை நீளம் இறங்கியது. கீழே ஒல்லி சிவப்புப் பொத்தான் மேல் உடம்போடு போய் விழுந்தார். பெட்டி நின்றபோது அதன் அடிப்பாகத்துக்கும் அவர் தலைக்கும் நடுவில் ஒரு செங்கல் வைக்கலாம், அவ்வளவுதான்.

மேலே ஏறிப்போன ஒல்லி கத்தவில்லை என்று ஒல்லியே சொன்னார். “கத்தணும்னுதான் போனேன். போய்ப் பாத்தா மனுஷன் சுவிட்சு பக்கத்துல உட்கார்ந்து கையைப் பாத்துக்கிட்டு இருக்காரு. வேற யாரோட கையோ மாதிரி. ‘மூணு கேட்டுச்சுடா, மூணு கேட்டுச்சுடா’ன்னாரு. நான் என்ன பண்ண? பக்கத்துல உட்கார்ந்தேன். ‘அண்ணே, நல்லவேளை நான் ஒல்லி, இல்லன்னா நசுங்கியிருப்பேன்’னேன். சிரிக்கவே இல்ல.”

மேற்பார்வையாளர் அவரை வேலையிலிருந்து எடுக்கவில்லை. பெரிய மனசு என்று சொல்ல முடியாது, ஆள் இல்லை. மூன்று நிபந்தனை போட்டார். இனி சுவிட்சு ஒல்லியின் கையில், அண்ணன் குழியில் மட்டும். பொத்தானை அமுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. அண்ணன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். சின்ன அறை, சின்ன மேசை, சின்ன வயதுப் பெண் மருத்துவர். நிதானமாகக் கேட்டார். அவசரமே படவில்லை. கடைசியில் ஒரு மடித்த தாளைக் கொடுத்தார். அதை நான் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொன்னேன். செய்தி பார்ப்பதற்கு நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். தூங்கப் போகும் முன் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு முறையாவது நடக்கச் செல்லுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். உங்களால் மாற்ற முடிந்தவற்றில் மட்டும் கவனத்தை வையுங்கள்.

“கடைசி வரியை இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன்.

“என்னால என்ன மாத்த முடியும்? ரிலே மாத்துவேன். கயிறு மாத்துவேன். லுங்கி மாத்துவேன்.” தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “சரி. இந்தப் பொண்ணு நல்லவிதமாதான் சொல்லுது. செஞ்சு பாப்போம்.”

இப்படித்தான் அவர் கைப்பேசி என் மேசை இழுப்பறைக்கு வந்தது. காலையில் பத்து நிமிடம் செய்தி பார்ப்பார், பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறுவார். சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு இன்னொரு பத்து நிமிடம். வீட்டுக்குப் போனதும் அண்ணியின் அலமாரியில். தங்கையிடமும் சொல்லியாயிற்று. காலையில் ஏழுக்கு முன், இல்லையென்றால் சாயங்காலம் ஆறுக்குப் பின் கூப்பிடு, நடுவில் அவசரமானால் மட்டும் கூப்பிடு, தம்பி எடுப்பான். அவள் சிரித்தாளாம். “என் அண்ணன்கிட்ட பேச டோக்கன் வாங்கணுமா?”

நடுவில் அவள் கூப்பிட்டால் நான் எடுக்க வேண்டும். எடுத்து, மோட்டார் அறையில் இருக்கும் ஒல்லிக்குச் சொல்ல வேண்டும். ஒல்லி தண்டவாளத்தில் ஒரு தட்டு தட்டுவார், அண்ணன் மேலே வருவார். ஏற்பாடு இதுதான். இதில் என் பங்கு ஒன்றே ஒன்று.

பதினோரு நாள் அது ஓடியது. சொல்லப்போனால் நன்றாகவே ஓடியது. அண்ணன் முட்டையைச் சாப்பிட்டார். போர்வை மேல் விரல் தேய்வது நின்றுவிட்டதாக அண்ணி சொன்னார். ஒன்பதாம் நாள் ஒல்லியோடு சண்டைகூடப் போட்டார், கிரீஸ் டப்பாவை மூடி வைக்கவில்லை என்று. ஒல்லிக்கு அவ்வளவு சந்தோஷம். “திட்டுறாருடா ரெட்டை நாக்கு! பழைய மாதிரியே திட்டுறாரு!”

அந்தக் கைப்பேசியோடு பகல் முழுக்க இருந்தது நான்தான். செய்திச் செயலிகள் ஏழும் அடங்கவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முறை அதிரும். இழுப்பறைக்குள் வண்டு போல அது உறுமுவது மேசைப் பலகை வழியாக என் முழங்கைக்கு ஏறும். அவற்றை மட்டும் நிறுத்தி, தங்கையின் அழைப்பை மட்டும் விட்டுவைக்க ஒரு வழி இருக்கும். “நான் சரி பண்ணி வைக்கிறேன் அண்ணே” என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. இதற்கிடையில், அவர் பார்ப்பதை நிறுத்தியதை நான் பார்க்கத் தொடங்கியிருந்தேன். இழுப்பறை அதிர்ந்தால் கை போகும். ஆறரை, எட்டு, நான்கு.

பன்னிரண்டாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு ஒரு மருத்துவமனையின் பின்பக்க லிஃப்டில் ஒரு அம்மா மாட்டிக்கொண்டார். தனியாக இருந்தார், மூச்சு இரைத்தது. அண்ணனும் ஒல்லியும் ஊரின் மறு கோடியில் இருந்தார்கள். இன்னொரு வேன் போய்ச் சேர அரை மணி நேரமாகும். நான் லைனில் இருந்தேன். அந்த அம்மா “செத்துடுவேன், செத்துடுவேன்” என்கிறார். இழுப்பறை உறுமுகிறது. இன்னொரு முறை உறுமுகிறது. ஒரு கையால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இழுப்பறையைத் திறந்து, அண்ணனின் கைப்பேசியை முழுதாக மௌனமாக்கினேன். அதிர்வையும் சேர்த்து. ஐந்து நிமிடத்துக்கு என்றுதான் நினைத்தேன். மூடினேன்.

“கீழ உட்காருங்கம்மா” என்றேன். “பையில என்ன இருக்கு, சொல்லுங்க.”

அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பையில் ஆறு துணி, ஒரு சின்னத் தொப்பி, ஒரு வெந்நீர்க் குடுவை. தொப்பியின் நிறத்தைச் சொல்லும்போது அவர் குரல் சமநிலைக்கு வந்துவிட்டது. முப்பத்தைந்து நிமிடம் பேசினோம். கதவு திறந்ததும் எனக்கு வாழ்த்தெல்லாம் சொன்னார். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது. எழுந்து போய் ஒரு தேநீர் குடித்தேன். திரும்பி வந்து அந்த அறிக்கையை எழுதினேன், நன்றாகவே எழுதினேன்.

பன்னிரண்டரைக்கு ஸ்டேப்ளர் தேடி இழுப்பறையைத் திறந்தபோது கைப்பேசியின் திரையில் வெளிச்சம் இருந்தது.

தவறிய அழைப்பு நான்கு. தங்கச்சி, தங்கச்சி, தங்கச்சி, தங்கச்சி. முதலாவது பத்து ஐம்பத்தொன்று. கடைசி பதினொன்று பதினேழு. நடுவில் ஒரு குரல் செய்தி.

ஒல்லிக்குப் போன் அடித்தேன். “அண்ணனை மேல கூப்பிடுங்க. வேலையை விட்டுட்டு வாங்க” என்றேன். “என்னடா?” என்றார். “வாங்க” என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவர் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அலுவலகத்தில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. கையை நீட்டினார், கொடுத்தேன். குரல் செய்தியை வெளியே கேட்கும்படி போட்டார். ஏன் அப்படிப் போட்டார் என்று தெரியவில்லை. தனியாகக் கேட்க முடியாதென்று இருக்கலாம்.

“அண்ணா, எடு. வேலைக்கு அனுப்பின ஏஜென்சிக்காரங்க வண்டி கொண்டாந்திருக்காங்க. எங்க ஆளுங்களை மட்டும் ஏத்திட்டுப் போறாங்களாம். பெரியவருக்கு ஆஸ்பத்திரி வண்டி தனியா வருமாம். எப்ப வரும்னு கேட்டா சொல்லத் தெரியல. அவரு பையனுக்கு லைனே கிடைக்கல. பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வான்றாங்க, பக்கத்து வீட்டுல யாரு இருக்கா, எல்லாரும் நேத்தே போயாச்சு. இவரு என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு. நீ சொல்லுண்ணா. போன்னா போறேன், இருன்னா இருக்கேன். டிரைவர் கால் மணி நேரம்தான் நிப்பாராம். எடுண்ணா.”

பின்னால் ஏதோ ஹாரன் சத்தம். அத்தோடு முடிந்தது.

“நான்தான் சைலன்ட்ல போட்டேன்” என்றேன். “ஒரு அம்மா லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டாங்க. இது அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. எடுக்கணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்.”

அவர் திரையையே பார்த்தார். “எத்தனை மணிக்குப் போட்ட?”

“பத்தே முக்கால்.”

“ம். அந்த அம்மா வெளிய வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்க.”

“நல்லது” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருக்கலாம்.

தங்கையின் எண்ணை அழுத்தினார். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது, தானாக அறுந்தது.

“மணி போகுதுல்ல” என்றார் ஒல்லி. “அப்ப போன்ல சார்ஜ் இருக்கு. டவர் இருக்கு. வண்டியில ஏறியிருக்கும். வண்டி இரைச்சல்ல கேக்காது.”

“வண்டியில ஏறியிருந்தா போனைக் கையில வெச்சிருப்பா. நான் திருப்பிக் கூப்பிடுவேன்னு தெரியும்.”

“பையில இருக்கும் அண்ணே.”

“பெரியவருக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தாலும் எடுக்க மாட்டா. கை ஈரமா இருக்கும்.” மறுபடி அழுத்தினார். “இப்ப அங்க சாப்பாட்டு நேரம்தான்.”

ஒல்லி என்னைப் பார்த்தார். நான் ஏஜென்சியின் எண்ணைத் தேடிப் பிடித்து அலுவலகத் தொலைபேசியிலிருந்து அடித்தேன். பதிவு செய்த குரல் ஒன்று மூன்று மொழிகளில் நன்றி சொன்னது. எல்லா இணைப்புகளும் வேலையாக இருக்கின்றனவாம். மறுபடி அடித்தேன். மறுபடி நன்றி.

“எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க அண்ணே?” என்று ஒல்லி கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் என் மனதிலும் அதுதான் ஓடியது.

“வர்ற வழியெல்லாம் அதைத்தான்டா யோசிச்சேன். என்ன விஷயம்னு தெரியாமலே யோசிச்சேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “போன்னுதான் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா போயிருப்பா. அந்தக் கிழவரை அப்படியே விட்டுட்டுப் போயிட்டு, அப்புறம் காலம் பூரா என்கிட்ட பேசியிருக்க மாட்டா. இருன்னு எப்படிச் சொல்றது? எந்த அண்ணன் சொல்லுவான்?” நிறுத்தினார். “நான் எடுக்கலன்னதும் அவளே ஒண்ணு முடிவு பண்ணியிருப்பா. இதுவரைக்கும் ஒரு செருப்புகூட அவளா வாங்கினதில்ல.”

அவர் கைப்பேசியில் ஒரு அழைப்பு வந்தது. மூன்று பேரும் பாய்ந்தோம். அண்ணி. அண்ணன் துண்டித்துவிட்டார். உடனே என் மேசைத் தொலைபேசி அடித்தது. “போனை வைங்க அண்ணி, அவரு லைன் காலியா இருக்கணும்” என்றேன். “என்னாச்சு?” என்றார். “தெரியல அண்ணி, வைங்க.” வைத்துவிட்டார். அந்தப் பக்கம் அவர் எப்படி நின்றிருப்பார் என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

பொறுமை அண்ணனுக்குப் பொறுமை சொல்ல எங்களில் யாருக்குத் தெரியும்? ஒல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு, “கொஞ்சம் உட்காருங்கண்ணே. முதுகைச் சாய்ங்க” என்றார். அவர் உட்கார்ந்தார். சாய்ந்தார். ஒல்லிக்கு அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை.

மேற்பார்வையாளர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய கதவுக்குள்ளிருந்து அடுத்த கட்டடத்துக்குப் போன் செய்து, லிஃப்ட் ஆள் இன்றைக்கு வர மாட்டார் என்று அவர் சொல்வது கேட்டது.

நான் என் கணினியில் அந்த வரைபடத்தைத் திறந்தேன். திறக்கக் கூடாதென்று தெரிந்தேதான் திறந்தேன். காலையில் இருந்ததைவிடப் புள்ளிகள் அதிகமாக இருந்தன. சில புள்ளிகள் நகரத்திலிருந்து வெளியே போகும் சாலையிலும் இருந்தன.

அண்ணன் தலையைத் திருப்பாமலே கேட்டார். “எத்தனை கிலோமீட்டர்?”

“தெரு பேரு புரியலண்ணே.”

“உனக்கா?”

சன்னலை மூடுவதுபோல அந்தப் பக்கத்தை மூடினேன். அவர் வற்புறுத்தவில்லை. மறுபடி தங்கையின் எண்ணை அழுத்தி, கைப்பேசியை மேசை நடுவில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டார். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். சன்னலுக்கு வெளியே நல்ல வெயில். எதிர்க் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். மணி போனது. அறுந்தது. அழுத்தினார். மணி போனது.

“ஒரு ஆளு படுக்கையிலிருந்து எந்திரிச்சு வந்து எடுக்க எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டார்.

“எந்த ஆளு அண்ணே?”

“அந்தப் பெரியவரு. அவ போனை அங்கயே மறந்து வெச்சுட்டுப் போயிருந்தா.”

“அவரால எந்திரிக்க முடியாதேண்ணே.”

“ஆமா” என்றார். “முடியாது.”

கைப்பேசியைக் கையால் தொடாமல், அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். மணி போய்க்கொண்டிருந்தது.